மாஸ்டரின் கன்னம் நிரம்பிய கதை

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு கால் மணி நேரம் கண்ணயர்வது மாஸ்டரின் முப்பது வருஷப் பழக்கம். முன்னால் முடிதிருத்தும் கடை, பின்னால் வீடு, நடுவில் ஒரு கதவு. அந்தக் கதவைச் சாத்திவிட்டுச் சாய்வு நாற்காலியில் சாய்ந்தால், வாயை லேசாகத் திறந்துகொண்டு ஊர் உலகத்தை மறந்து தூங்குவார். போன வருஷம்வரை அதில் ஒரு குறையும் இல்லை. அதற்குப் பிறகுதான் அந்த விரல் வந்தது.

மனைவியின் விரல். அவர் கண்ணை மூடிச் சற்று நேரமானதும் தையல் மெஷின் சத்தம் நிற்கும். கால்கள் அடிமேல் அடி வைத்து வரும். மூக்குக்கும் மீசைக்கும் நடுவில் ஒரு சுட்டுவிரல் வந்து நிற்கும். மூச்சு வருகிறதா என்று பார்க்கிறாளாம். வருகிறது என்று தெரிந்ததும் விரல் போய்விடும், மெஷின் மறுபடி ஓடும். மாஸ்டர் முதல் நாளே விழித்துக்கொண்டார், ஆனால் கண்ணைத் திறக்கவில்லை. திறந்தால் அவளுக்குச் சங்கடமாகிவிடும் என்று சும்மா கிடந்தார். ஒரு மனுஷன் உயிரோடு இருக்கிறானா என்று தினம் ஒரு தடவை சோதித்தால் அவனுக்கு எங்கிருந்து தூக்கம் வரும், நீங்களே சொல்லுங்கள்.

கோளாறு மூச்சில் இல்லை, கன்னத்தில். முந்தைய வருஷம் குடல் முறுக்கிக்கொண்டு, மாஸ்டருக்கு ஒன்றுக்கு இரண்டாக ஆபரேஷன் ஆனது. பதினாறு கிலோ இறங்கிவிட்டார். பிறகு நன்றாகத்தான் தேறினார். பசி நேரத்துக்கு வந்தது, பரிசோதனை முடிவுகளில் சொட்டை சொல்ல ஒன்றும் இல்லை. இறங்கிய எடைகூடத் திரும்பி வந்தது, ஆனால் வந்து சேர்ந்த இடம்தான் தப்பு. வயிறு பழையபடி வந்து உட்கார்ந்துகொண்டது, கன்னம் மட்டும் போனது போனதுதான். ஐம்பத்தெட்டு வயதில் கரைந்த முகக் கொழுப்பு அவ்வளவு சுலபமாகத் திரும்புவதில்லையாம். கன்ன எலும்புக்குக் கீழே இரண்டு பக்கமும் குழி விழுந்து, நன்றாக இருக்கிற மனிதர் நாளைக்கோ மறுநாளோ என்பது போலத் தெரிந்தார்.

இதை ஒளித்துவைக்கவும் அவர் தொழில் விடாது. நாற்காலியில் உட்காருகிறவர் எதிரே ஆளுயரக் கண்ணாடி. தன் முகத்தையே எவ்வளவு நேரம் ஒருவர் பார்ப்பார்? கண் தானாக மேலே போகும், பின்னால் நிற்கிற மாஸ்டரின் முகத்தில் முட்டும். உடனே கேள்வி வரும்: "என்ன மாஸ்டர், உடம்புக்கு முடியலையா?" நாளுக்குப் பத்துப் பேர். முதல் மாதம் குடல் கதையை ஆதியோடந்தமாகச் சொல்லிப் பார்த்தார். அடுத்த மாதம் "நல்லா இருக்கேன்" என்று சுருக்கினார். அதற்கும் அடுத்த மாதம் ரேடியோவைச் சத்தமாக வைத்துவிட்டார்.

கடையில் கேட்டவர்களை அவர் சமாளித்துக்கொண்டார். வீட்டில் ஒன்றுமே கேட்காதவள்தான் அவரை அரித்தாள். அவளுடைய அண்ணன் ஒருவர் இருந்தார். நல்ல ஆகிருதி. ஒருநாள் பார்த்தால் அவர் கன்னம் ஒட்டியிருந்தது. ஒன்றும் இல்லை, ஒன்றும் இல்லை என்று அவரே எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்தார். ஆறு மாதத்தில் போய்ச் சேர்ந்தார். அன்றிலிருந்து அவளுக்கு ஒட்டிய கன்னம் என்றாலே பயம். மாஸ்டர் தன் ரிப்போர்ட்டுகளை எடுத்து நீட்டினார். ஒவ்வொன்றாகப் படித்தாள், தலையாட்டினாள், மறுநாளும் விரல் வந்தது. காகிதத்தை அவள் நம்பவில்லை, முகத்தைத்தான் நம்பினாள். மாஸ்டருக்கு இந்த வயதில் அழகாக வேண்டும் என்ற ஆசை துளிகூடக் கிடையாது. அந்த விரல் நிற்க வேண்டும், அவ்வளவுதான்.

வழி அவருடைய சவரக்கத்தியிலேயே கிடைத்தது. ஒட்டிய கன்னத்தில் சவரம் செய்வது லேசுப்பட்ட வேலை இல்லை. குழியில் கத்தி சறுக்கும். அதனால் அப்படிப்பட்டவர்களை வாயில் காற்றை அடைத்துக் கன்னத்தை உப்பவைக்கச் சொல்வார்கள். பேங்க் மேனேஜர் ஒருவர் இரண்டு வருஷமாக அப்படி உப்பிக்கொண்டிருந்தவர். ஒருநாள் ஏதோ யோசனையில் உப்ப மறந்துவிட்டார், கத்தி மேடு பள்ளம் இல்லாமல் ஒரே ஓட்டமாக ஓடியது. மாஸ்டர் கையை நிறுத்தினார். கன்னத்தில் என்ன செய்தீர்கள் என்று மெதுவாகக் கேட்டார். கழுத்தடியில் கத்தி இருக்கும்போது யாரும் பொய் சொல்வதில்லை. மேனேஜர் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, ஒரு தோல் டாக்டரின் முகவரியைச் சொன்னார். யாரிடமும் மூச்சு விடக்கூடாது என்று மூன்று தடவை சொல்லிவிட்டுப் போனார்.

தோல் டாக்டர் ஒரு நடுத்தர வயது அம்மா. ஊசியைப் பற்றிப் பேசுவதற்கு முன் எடை ஏன் குறைந்தது என்று குடைந்து குடைந்து கேட்டார். ரிப்போர்ட்டுகளை முழுக்கப் படித்த பிறகுதான் மாஸ்டரின் கன்னத்தைத் தொட்டார். மெத்தைக்குப் பஞ்சு அடைப்பது போல எதையோ உள்ளே அடைப்பார்கள் என்று நினைத்துப் போயிருந்தார் மாஸ்டர். அது வேறு வகை என்றார் டாக்டர். ஜெல் வகை போட்டவுடன் பள்ளத்தை நிரப்பிவிடும். இது அப்படி இல்லை, தண்ணீரில் கலந்த நுண்ணிய பொடி. ஆபரேஷனில் வயிற்றுக்குள் கரைகிற நூல் போட்டுத் தைத்தார்களே, ஏறக்குறைய அதே வகைச் சரக்கு. கலந்த தண்ணீரை நாலு நாளில் உடம்பு இழுத்துக்கொள்ளும். பொடி உள்ளே தங்கும். யாரோ அந்நியன் வந்து உட்கார்ந்திருக்கிறான் என்று உடம்பு அதைச் சுற்றி வளைத்து, கொலாஜன் என்கிற தன் சொந்த நாரைப் பின்ன ஆரம்பிக்கும். பொடி கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து போய்விடும், பின்னிய நார் இரண்டு வருஷம்போல நிற்கும்.

"ரொப்புறது நான் இல்ல மாஸ்டர், உங்க உடம்புதான். நான் வேலைய ஆரம்பிச்சு மட்டும் வைக்கிறேன். அது மாசக்கணக்குல நடக்கும். பொறுமை இருந்தா வாங்க."

கெட்டதையும் அவர் மறைக்கவில்லை. வீக்கமும் ரத்தக்கட்டும் சகஜம், ஒரு வாரத்தில் போய்விடும். பொடி ஒரே இடத்தில் சேர்ந்துவிட்டால் தோலுக்கடியில் முடிச்சு விழலாம், அது மாதங்கள் கழித்தும் தலைகாட்டும். ஜெல்லைக் கரைக்க மாற்று மருந்து உண்டு, இதற்குக் கிடையாது. போட்டதைத் திரும்ப எடுக்க முடியாது. எல்லாவற்றையும்விட மோசமானது, அபூர்வமாக மருந்து ரத்தக்குழாய்க்குள் போய் அடைத்துக்கொள்வது. அப்படி ஆனால் தோல் வெளுத்துச் செத்துப்போகலாம், கண் பார்வையே போனதும் உண்டு. அதற்காகத்தான் மொட்டை முனைக் குழாயை வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகப் போடுவேன் என்றார். தாங்க முடியாத வலியோ, தோல் வெளுப்போ, கண் மங்கலோ வந்தால் ஒரு நிமிஷம்கூடத் தாமதிக்காமல் வரவேண்டும் என்றார். முப்பது வருஷம் அடுத்தவர் கழுத்தில் கத்தி வைத்தவர் அன்றைக்குப் பேனாவை இரண்டு தடவை கீழே வைத்தார். ஆனாலும் விரலை நினைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். கடைக்குப் புது நாற்காலி வாங்கலாம் என்று இருந்தவர், பழைய நாற்காலியே போதும் என்று முடிவு செய்தார்.

வீட்டில் இதில் பாதியைத்தான் சொன்னார். கன்னம் நிரம்புவதற்கு ஊசி, பெரிய டாக்டர், மேனேஜரே போட்டுக்கொண்டார் என்ற நல்ல பாதியை. முடிச்சு, ரத்தக்குழாய், கண் பற்றியெல்லாம் வாயைத் திறக்கவில்லை. ஏற்கெனவே பயந்தவளை எதற்குப் பயமுறுத்த வேண்டும் என்பது அவர் கணக்கு. இந்த ஆண்பிள்ளைகள் போடுகிற கணக்கு இப்படித்தான் இருக்கும்.

ஊசி போட்டு முடிந்ததும் நர்ஸ் ஒருத்தி மசாஜ் எப்படிச் செய்வது என்று காட்ட வந்தாள். ஐந்து நாள், நாளுக்கு ஐந்து தடவை, தடவைக்கு ஐந்து நிமிடம், பொடி ஒரே இடத்தில் சேராமல் பரவ வேண்டும். அவள் கையைத் தூக்கியதுமே மாஸ்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"எனக்கே மசாஜ் சொல்லித் தர்றியாம்மா? இந்த ஊர்ல பாதிப் பேரு முகம் என் கைல தூங்கியிருக்கு."

நர்ஸும் சிரித்துவிட்டு, எழுதிய தாளைக் கையில் கொடுத்து அனுப்பிவிட்டாள். தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தவர் அப்புறம் அதைப் பிரிக்கவே இல்லை.

அன்றைக்குச் சாயங்காலம் அவர் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போனபோது மனைவி தைத்துக்கொண்டிருந்த திரைச்சீலையைக் கீழே போட்டுவிட்டாள். இரண்டு கன்னமும் நிறைந்து பழைய ஆள் வந்து நிற்கிறார். கிட்டே வந்து பார்த்தாள், தள்ளி நின்று பார்த்தாள், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை நாளாயிற்று என்று மாஸ்டர் நினைத்துக்கொண்டார். மறுநாள் மதியமும் அதற்கு மறுநாள் மதியமும் மெஷின் நிற்காமல் ஓடியது. விரல் வரவில்லை. மாஸ்டர் குறட்டை விட்டுத் தூங்கினார்.

நான்காம் நாள் தண்ணீர் வற்றிவிட்டது. கண்ணாடியில் பழைய குழி. டாக்டர் முன்கூட்டியே சொன்னதுதான், இருந்தாலும் மாஸ்டருக்கு மனம் விட்டுப்போயிற்று. அன்று மதியம் விரல் வந்தது, வந்ததோடு வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றது. சாயங்காலமே டாக்டரிடம் ஓடி, இன்னொரு தடவை போட்டுவிடுங்கள் என்று கெஞ்சினார். டாக்டர் அசையவில்லை. இப்போது அவசரப்பட்டு மேலே மேலே போட்டால், நாலு மாதம் கழித்து உடம்பு போட்ட அத்தனைக்கும் சேர்த்து வேலை செய்யும், முகம் கட்டி கட்டியாக நிற்கும் என்றார். ஆறு வாரம் கழித்து வாருங்கள், இப்போது மசாஜை மட்டும் விடாதீர்கள் என்று அனுப்பிவைத்தார்.

மசாஜை அவர் விடவே இல்லை. கடிகாரத்தில் மணி வைத்துக்கொண்டு செய்தார். நாற்காலியில் ஆள் உட்கார்ந்திருந்தாலும், ஐந்து நிமிஷம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டுத் தன் கன்னத்தைப் பிடித்துக்கொள்வார். ஆறு வாரத்தில் இரண்டாவது ஊசி, அதற்கும் அதே மரியாதை. ஆனால் கை எதற்குப் பழகியதோ அதைத்தானே செய்யும்? க்ரீமைத் தொட்டு, தாடையிலிருந்து நெற்றிப்பொட்டுவரை, மேல்நோக்கி, மயிலிறகால் தடவுவது போல. வாடிக்கையாளருக்குத் தூக்கம் வர வேண்டும் என்று முப்பது வருஷம் பழகிய கை. அது தோலுக்கு மேலே வழுக்கிக்கொண்டு போனது. தோலுக்கு அடியில் இருந்த பொடிக்கு இப்படியொரு மாஸ்டர் மேலே இருப்பதே தெரியாது.

இரண்டாவது ஊசி போட்டு இரண்டு மாதம் இருக்கும். ஒருநாள் காலை, காபி கொடுக்கக் கடைக்குள் வந்த மனைவி, அவர் இடது கன்னத்தில் ஒட்டியிருந்த வெட்டுமுடியைத் தட்டிவிட்டாள். விரல் அங்கேயே நின்றுவிட்டது. திரைச்சீலைத் துணியில் நூல் முடிச்சை இருட்டிலும் கண்டுபிடிக்கிற விரல்கள் அவை. லேசாக அழுத்திப் பார்த்தாள். மிளகு அளவுக்கு ஒன்று தோலுக்கடியில் நகர்ந்தது.

"இது என்னங்க?"

"ஒண்ணும் இல்ல."

அவள் வாடிக்கையாளர் நாற்காலியில் மெல்ல உட்கார்ந்தாள். முகத்தில் ரத்தம் இல்லை. "எங்க அண்ணனும் இதேதான் சொன்னான்" என்றாள்.

மாஸ்டருக்கு அப்போதுதான் தான் செய்த காரியம் உறைத்தது. இவ்வளவு பாடும் எந்தப் பயம் போவதற்காகப் பட்டாரோ, அந்தப் பயத்தைத் தானே தூக்கிக் கொண்டுவந்து நடுக்கடையில் உட்கார வைத்திருக்கிறார். இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? எல்லாவற்றையும் கொட்டினார். டாக்டர் முடிச்சு விழலாம் என்று முதல் நாளே சொன்னது, ரத்தக்குழாய், கண், கையெழுத்து, ஒன்று விடவில்லை. அவள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பயம் போய்க் கோபம் வந்தது. கல்யாணமான இத்தனை வருஷத்தில் வாங்காத திட்டை மாஸ்டர் அந்தக் காலையில் வாங்கினார். வாசலில் காத்திருந்த இரண்டு பேர் தாடியோடு நைசாக நழுவினார்கள். பதினோரு மணிக்குக் கடையை மூடிவிட்டு இருவரும் டாக்டரிடம் போனார்கள்.

டாக்டர் முடிச்சை உருட்டிப் பார்த்தார், ஸ்கேன் வைத்துப் பார்த்தார். பயப்பட வேண்டிய கட்டி இல்லை, பொடி ஒன்றாகச் சேர்ந்து அதைச் சுற்றி நார் பின்னியிருக்கிறது என்றார். பிறகு மசாஜைச் செய்துகாட்டச் சொன்னார். மாஸ்டர் நிமிர்ந்து உட்கார்ந்து, கண்ணை மூடி, தன் வித்தையை முழுசாகக் காட்டினார். நர்ஸ் திரும்பிக்கொண்டு சிரித்தாள். டாக்டர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார்.

"பிரமாதமா இருக்கு மாஸ்டர், எனக்கே தூக்கம் வருது. ஆனா பொடி நகராதே."

விரலை ஊன்றி, வட்டம் வட்டமாக, தோலோடு சேர்த்து உள்சதையும் அசைய அழுத்த வேண்டுமாம். டாக்டர் முடிச்சுக்குள் கொஞ்சம் உப்புநீரை ஊசியால் செலுத்தித் தளர்த்தினார். இனி தினமும் அழுத்திவிட வேண்டும், ஆனால் முழுக்கப் போகும் என்று சத்தியம் செய்ய மாட்டேன், மாதக்கணக்காகும், கொஞ்சம் மிச்சமும் இருக்கலாம் என்றார். மூன்றாவது ஊசி இப்போதைக்கு இல்லை. மாஸ்டர் அங்கேயே செய்துபார்த்தார். கை இரண்டு வட்டம் போட்டுவிட்டு மூன்றாவதில் தானாக மேலே வழுக்கிக்கொண்டு போனது. அப்போது மனைவி அவர் கையை ஒதுக்கிவிட்டுத் தன் இரண்டு விரலை ஊன்றினாள். முடிச்சு விழுந்த இடத்தை நெருடி நெருடித் தளர்த்துவது அவளுக்குப் புதிதா என்ன? டாக்டர் பார்த்துவிட்டு, இந்தக் கைதான் என்றார்.

கிளம்புமுன் அவள் டாக்டரிடம் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டாள். பொடி என்ன செய்யும், எப்போது கரையும், எதைப் பார்த்தால் பயப்பட வேண்டும், எதற்குப் பயப்பட வேண்டாம். பதிலையெல்லாம் வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் மாஸ்டரிடம் சொன்னாள்: "தெரிஞ்சிருந்தா நான் இவ்ளோ பயந்திருக்க மாட்டேன். தெரியாமத்தான் பயந்தேன்."

அன்றிலிருந்து சாப்பாட்டுக்குப் பிறகு ஐந்து நிமிடம் மனைவியின் கணக்கில் போயிற்று. அவர் சாய்வு நாற்காலியில் சாய்வார், அவள் முக்காலியைப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொள்வாள். முதல் நாள் மாஸ்டருக்குக் கூச்சமாக இருந்தது. ஆயிரக்கணக்கான முகங்களைத் தொட்டவர், தன் முகத்தை இப்படி ஒருவர் கையில் கொடுத்துவிட்டுக் கிடந்ததே இல்லை. வலிக்கத்தான் செய்தது, அவளுடைய கை வாடிக்கையாளரைத் தூங்க வைக்கிற கை இல்லை. ஆனாலும் சுகமாக இருந்தது. திரைச்சீலை தைக்கக் கொடுத்தவர்கள் அவசரப்படுத்துவது, பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டது என்று அவள் ஏதாவது பேசிக்கொண்டே அழுத்துவாள். மிளகு கடுகானது. கடுகும் அப்புறம் அவள் விரலுக்கு மட்டும் அகப்படுகிற ஏதோ ஒன்றானது. மிச்சம் இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டும் என்று இருவரும் விட்டுவிட்டார்கள்.

கன்னம் எப்போது நிரம்பியது என்று கேட்டால் மாஸ்டருக்குச் சொல்லத் தெரியாது. ஒருநாள் காலையில் தனக்குத் தானே சவரம் செய்துகொண்டிருந்தார். பாதியில்தான் வாயில் காற்றை அடைக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. கத்தி தடங்கலில்லாமல் ஓடியிருந்தது. அன்றைக்கு முழுக்க வந்தவர்களை எண்ணினார். பதினான்கு பேர் உட்கார்ந்து எழுந்தார்கள், கண்ணாடியில் அவரைப் பார்த்தார்கள், மழையைப் பற்றிப் பேசினார்கள். ஒருவர்கூட உடம்பைப் பற்றிக் கேட்கவில்லை. மாஸ்டர் ரேடியோவின் சத்தத்தைக் குறைத்தார்.

மறுநாள் மதியம் வழக்கம்போல ஐந்து நிமிடம் ஆனது. அவர் கண்ணயர்ந்தார். சற்று நேரத்தில் விழிப்பு வந்தது, மெஷின் சத்தம் கேட்கவில்லை. சரி, விரல் வரப்போகிறது என்று கண்ணை மூடியபடியே காத்திருந்தார். வரவில்லை. இன்னும் கொஞ்சம் காத்திருந்தார். கடைசியில் ஒற்றைக் கண்ணைத் திறந்தார்.

அவள் முக்காலியில் உட்கார்ந்தபடியே சுவரில் தலை சாய்த்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். மடியில் பாதி தைத்த திரைச்சீலை. மதியத்தில் அவள் தூங்கி மாஸ்டர் பார்த்ததே இல்லை. அத்தனை மாதமும் அவரைக் காவல் காத்ததில் அவள் கன்னமும் கொஞ்சம் ஒட்டித்தான் போயிருக்கிறது, இத்தனை நாள் அவர் கண்ணாடியில் தன்னையே பார்த்துக்கொண்டிருந்ததில் அது தெரியவில்லை. அசைவே இல்லை. மெஷினும் இல்லை, பேச்சும் இல்லை. மாஸ்டர் சட்டென்று எழுந்தார், அடிமேல் அடி வைத்துப் போனார், சுட்டுவிரலை அவள் மூக்கடியில் வைத்தார்.

வெதுவெதுப்பாக மூச்சு வந்தது. ஒன்று, இரண்டு, மூன்று. போதும் என்று தெரிந்தும் விரலை எடுக்க அவருக்கு மனம் வரவில்லை.

"இருக்கேன்" என்றாள் அவள், கண்ணைத் திறக்காமலே. "போய்க் கடையத் தொறங்க."